கை நீளமான விருந்தாளி

பிட்ஸ்பர்க் பக்கம் இருக்கும் நம்மாட்களின் வாட்சாப் குழுவில் 2025 தொடக்கத்திலிருந்து ஒரே கோழிப் பேச்சு. காரணம் முட்டை விலை. பறவைக் காய்ச்சல் வந்து பண்ணை பண்ணையாகக் கோழிகளை அழித்ததில், அந்த வருடம் மார்ச் மாதம் அமெரிக்காவில் டஜன் முட்டையின் சராசரி விலை 6.23 டாலரைத் தொட்டது. "நாமளே கொல்லையில நாலு கோழி வளர்த்தா என்ன?" என்று ஆளாளுக்குக் கிளம்பிவிட்டார்கள். நான் சில வருடங்களாக வளர்ப்பதால் கேள்வியெல்லாம் என்னிடம் வருகிறது. எந்த ஜாதி நிறைய முட்டையிடும், பனி தாங்குமா, சேவல் வைத்துக்கொள்ளலாமா, பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுப்பாரா? இதெல்லாம் கேட்கிறார்கள். கூண்டுக் கதவுக்கு என்ன கொக்கி போடுவது என்று மட்டும் ஒருத்தரும் கேட்டதில்லை. நான் அங்கிருந்துதான் ஆரம்பிப்பேன்.

இந்த ஊரில் கோழிக்கு எதிரிகள் ஏராளம். பகலில் பருந்து வட்டமடிக்கும். நரியும் கொயோட்டியும் வேலியோரம் உலாத்தும். மிங்க் என்று ஒன்று, கீரி மாதிரி இருக்கும், சின்னச் சந்து கிடைத்தாலும் உள்ளே போய்விடும். இவை எல்லாமே பல்லையும் நகத்தையும் நம்பிப் பிழைப்பவை. நல்ல வலை, நல்ல கதவு இருந்தால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். ரக்கூன் கதையே வேறு. அதற்குக் கை இருக்கிறது.

ஊரிலிருந்து வந்திருந்த அம்மா முதன்முதலில் ரக்கூனை எங்கள் வீட்டுக் குப்பைத்தொட்டி மேல் பார்த்துவிட்டு, "மரநாய்க்கு யாருடி கண்மை வச்சு விட்டது?" என்று கேட்டாள். அதைவிடப் பொருத்தமாக வர்ணிக்க எனக்குத் தெரியாது. கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டை, வளையம் வளையமாக வால், குண்டு உடம்பு. நன்றாகத் தின்று கொழுத்த ஆண் பத்து கிலோவைத் தாண்டும். பார்க்க அழகுதான். இல்லையென்று சொல்லவில்லை.

இரண்டு தெரு தள்ளித் தேனிக்கார அண்ணன் ஒருத்தர் இருக்கிறார். கடையில் கிடைக்கும் ரெடிமேட் கூண்டு ஒன்றை வாங்கி, ஒரு சனிக்கிழமை மாட்டி முடித்துக் கோழிகளை விட்டார். கொஞ்ச நாளில் ஒரு காலை போன் வந்தது. போய்ப் பார்த்தேன். கூண்டுக் கதவு சாத்தியபடியே இருக்கிறது, வலையில் ஒரு கிழிசல் இல்லை. உள்ளே வலையை ஒட்டி ஒரு பெட்டைக்கோழி கிடக்கிறது, தலை இல்லாமல். இன்னொன்றுக்கு ஒரு காலையும் இறக்கையையும் காணோம். வலையின் அறுகோணக் கண்களில் இறகுகள் வெளிப்பக்கமாகச் சொருகிக்கொண்டு நிற்கின்றன. அண்ணன் வெலவெலத்துப் போயிருந்தார்.

"கதவும் திறக்கல, வலையும் கிழியல. எப்படிம்மா உள்ள வந்துச்சு?"

"உள்ளயே வரலண்ணே. வெளியில நின்னுதான் இழுத்திருக்கு."

நடந்தது இதுதான். கோழிக்கு இருட்டினால் கண் சரியாகத் தெரியாது. அடைந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கும். யாராவது வெளியிலிருந்து தடவினால் மிரண்டு எழுந்து வலைப்பக்கமே போய் முட்டும். ரக்கூன் கையை உள்ளே விட்டு, கழுத்தோ காலோ எது அகப்படுகிறதோ அதைப் பிடித்து வெளியே இழுக்கும். இரண்டாகச் சேர்ந்து வந்தால் ஒன்று ஒரு பக்கம் நின்று மிரட்டும், கோழி ஓடி வரும் பக்கத்தில் மற்றது நிற்கும் என்று இங்கே கோழி வளர்ப்பவர்கள் சொல்வதுண்டு. திட்டம் போட்டுச் செய்கிறதா, தற்செயலா என்ற ஆராய்ச்சிக்கு நான் போகவில்லை. அண்ணன் வீட்டில் மேற்குப் பக்கமும் கிழக்குப் பக்கமும் இறகு கிடந்தது, அவ்வளவு சொல்லலாம்.

செத்த கோழியைப் பார்த்தே வந்தது யார் என்று ஓரளவு கண்டுபிடிக்கலாம். கோழியே காணாமல் போய் நாலு இறகு மட்டும் மிச்சம் இருந்தால் நரி அல்லது கொயோட்டி. கழுத்தில் சின்னச் சின்னக் கடியோடு பல கோழிகள் செத்துக் கிடந்தால் மிங்க் வகையறா. வலையோரம் தலையில்லாமல் கிடந்தாலோ, இரைப்பையும் நெஞ்சுக்கறியும் மட்டும் தின்னப்பட்டிருந்தாலோ பெரும்பாலும் ரக்கூன். ஆந்தையும் தலையைத் தின்னும் என்பதால் சத்தியம் செய்ய முடியாது. மண்ணில் பதிந்த அடியைப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். ரக்கூன் அடி குழந்தையின் உள்ளங்கையை அழுத்தி எடுத்தாற்போல ஐந்து விரலோடு இருக்கும்.

அந்தக் கையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நம் கட்டைவிரல் போல மற்ற விரல்களுக்கு எதிரே மடங்கும் விரல் ரக்கூனுக்குக் கிடையாது. ஆனால் தொடு உணர்ச்சியில் பெரும்பாலான பிராணிகள் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. அதன் மூளையில் புலன்களுக்கென்று இருக்கும் பகுதியில் பெரும்பங்கு தொடுதலுக்கே போய்விடுகிறது. நகத்துக்கு மேலே மீசை முடி மாதிரி நுண்ணிய மயிர்கள் உண்டு. பொருளை முழுதாகத் தொடுவதற்கு முன்பே அது என்ன என்று அவை சொல்லிவிடும். தண்ணீரில் உணவை அலசுகிறது என்கிறோமே, அது சுத்தத்துக்காக அல்ல. கை நனைந்தால் உணர்ச்சி இன்னும் கூடும் என்பதுதான் விஷயம்.

எங்கள் கூண்டுப் பக்கத்துக் கம்பத்தில் ஒரு இரவுக் கேமரா மாட்டியிருக்கிறேன். அதில் பதிவாகும் காட்சியைப் பார்த்தால் சிரிப்பும் வரும், வயிற்றையும் கலக்கும். மூலையிலிருந்து தொடங்கும். வலை மரச்சட்டத்தைச் சந்திக்கும் விளிம்பு நெடுக இரண்டு கையாலும் தடவிக்கொண்டே நகரும். முகம் கைப்பக்கம் திரும்பவே திரும்பாது. தெருவைப் பார்க்கும், மேப்பிள் மரத்தைப் பார்க்கும், கேமராவைக்கூடப் பார்க்கும். கை பாட்டுக்குக் கை வேலையைச் செய்யும். ஓர் ஆணி தலை தூக்கியிருந்தால் விரல் அங்கே நின்றுவிடும். கொஞ்சம் நெம்பிப் பார்க்கும், அசைந்தால் திரும்பத் திரும்ப நெம்பும். கதவுக்கு வந்தால் கொக்கியைக் கீழிருந்து மேலே தட்டும், பக்கவாட்டில் தள்ளும், இழுக்கும். ஒரு கொக்கிக்கு அது செலவழிக்கும் நேரத்தை என் மகன் வீட்டுப்பாடத்துக்குச் செலவழித்திருந்தால் நான் கோழி வளர்க்கப் போயிருக்கவே மாட்டேன்.

இது ஒன்றும் புதிதாகத் தெரிய வந்ததல்ல. 1907-இல் எச். பி. டேவிஸ் என்ற ஆய்வாளர் ரக்கூன்களுக்கு முன்னால் விதவிதமான பூட்டுப் பெட்டிகளை வைத்தார். கொக்கி, தாழ்ப்பாள், பொத்தான், நெம்புகோல் என்று பதின்மூன்று வகை. அவற்றில் பதினொன்றைப் பத்து முயற்சிக்குள் திறந்துவிட்டன. பூட்டுகளை இடம் மாற்றினார், தலைகீழாகத் திருப்பி வைத்தார். அப்போதும் திறந்தன. அதே காலத்தில் ஓக்லஹோமாவில் லாரன்ஸ் கோல் என்பவரும் ரக்கூன்களை வைத்து ஆராய்ச்சி செய்தார். பிற்பாடு உளவியல் கூடங்கள் வெள்ளெலிக்கு மாறியதற்கு ஒரு காரணம், ரக்கூனைக் கூடத்தில் வைத்துக் கட்டி மேய்க்க முடியாததுதான். 2017-இல் வந்த இன்னொரு ஆய்வு எனக்கு ரொம்பப் பிடிக்கும். தண்ணீர்க் குழாயில் கல்லைப் போட்டு மட்டத்தை உயர்த்தி மிதக்கும் மார்ஷ்மெல்லோவை எடுக்க வேண்டும், நம் காக்காய் கதை மாதிரி. எட்டு ரக்கூனில் இரண்டு பழக்கிய பிறகு அப்படிச் செய்தன. இன்னொன்று அந்தக் கனமான குழாயையே ஆட்டிக் கவிழ்த்துவிட்டது. கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்ல வேண்டும் என்று அதற்கு என்ன கட்டாயம்?

டொராண்டோ நகராட்சி பட்ட பாட்டையும் இங்கே சொல்லலாம். வீட்டுக்கு வீடு உணவுக் கழிவுத் தொட்டிகளை ரக்கூன் திறக்க முடியாதபடி புதிதாக வடிவமைத்து, 31 மில்லியன் கனேடிய டாலர் செலவில் 2016-இலிருந்து கொடுத்தார்கள். மூடியில் திருகிப் பூட்டும் கைப்பிடி. அதை ரக்கூனின் கை திருக முடியாது என்று நம்பினார்கள். பெரும்பாலானவற்றால் முடியவும் இல்லை. ஆனால் சில வருடத்துக்குள் ஒரு பெண் ரக்கூன் தொட்டியைக் கீழே சாய்த்து, படுத்திருந்த கைப்பிடியைத் திருகித் திறப்பது வீடியோவாகவே வெளிவந்தது.

ஆகவே கூண்டைக் கையை மனதில் வைத்துக் கட்ட வேண்டும். கடைக்காரர்கள் 'சிக்கன் வயர்' என்று விற்கும் அறுகோணக் கண் வலை கோழி வெளியே போகாமல் இருக்கத்தான் ஆகும். ரக்கூன் உள்ளே வராமல் இருக்க அல்ல. மெல்லிய கம்பி, பல்லும் கையும் சேர்ந்தால் பிரிந்து வந்துவிடும். பிரியாவிட்டாலும் கண் பெரிது, கை போகும். ரெடிமேட் கூண்டுகளில் பாதிக்கு மேல் இதைத்தான் அடித்து அனுப்புகிறார்கள் என்று தோன்றுகிறது. அதற்குப் பதில் 'ஹார்டுவேர் கிளாத்' கேட்டு வாங்குங்கள். பெயரைக் கேட்டுத் துணி என்று நினைக்க வேண்டாம். அரை அங்குலச் சதுரக் கண் உள்ள, பற்றவைத்துத் துத்தநாகம் பூசிய கம்பி வலை. 19 கேஜ் தடிமனாவது வேண்டும். கேஜ் எண் குறையக் குறையக் கம்பி தடித்துக்கொண்டே போகும் என்பதைக் கடையில் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வலை நல்லதாக இருந்து, அதைச் சட்டத்தில் ஸ்டேப்பிள் பின் அடித்து மட்டும் நிறுத்தியிருந்தால் பிரயோஜனம் இல்லை. மேலே சொன்ன அந்தத் தடவல் முழுக்க ஸ்டேப்பிளைத் தேடித்தான். மரத்தில் ஸ்குரூவும் அகலமான வாஷரும் போட்டு வலையை நெருக்கிப் பிடியுங்கள். விளிம்பு மேல் ஒரு மரப்பட்டை வைத்து மூடி அதன் மேல் ஸ்குரூ முடுக்கினால் இன்னும் நல்லது. தடவுவதற்கு விளிம்பே கிடைக்காது. கூரைக்கும் இதே வலை வேண்டும். ரக்கூன் மரம் ஏறும், பின்னங்காலைத் திருப்பிக்கொண்டு தலைகீழாக இறங்கவும் செய்யும். பருந்துக்காகப் போடும் நைலான் வலையெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

அடிப்பக்கம்: சுவரோரம் பள்ளம் தோண்டி வலையைப் புதைப்பவர்கள் உண்டு. பிட்ஸ்பர்க் களிமண்ணில் தோண்டிப் பார்த்தவர்களுக்கு அந்த ஆசை சீக்கிரம் போய்விடும். நான் வலையை வெளிப்பக்கமாக இரண்டு அடி அகலத்துக்குத் தரையில் படுக்க வைத்து, சுவரோடு சேர்த்துக் கட்டி, மேலே ஆணி அடித்து விட்டுவிட்டேன். ஒரு கோடையில் புல் மூடிவிட்டது. தோண்ட வரும் எதுவும் சுவரை ஒட்டித்தான் தோண்டும். கம்பி தட்டுப்படும். இரண்டடி பின்னால் போய்த் தோண்டலாம் என்று இதுவரை எதற்கும் தோன்றவில்லை.

இப்போது கொக்கிக்கு வருகிறேன். வளையத்தில் மாட்டும் சாதாரணக் கொக்கி வேண்டவே வேண்டாம், கீழிருந்து ஒரு தட்டு போதும். தள்ளும் தாழ்ப்பாள் மட்டும் இருந்தாலும் போதாது. இரண்டு வேலையை ஒரே நேரத்தில் செய்தால்தான் திறக்கும் என்கிற மாதிரி ஏதாவது போடுங்கள். மலையேறுகிறவர்கள் மாட்டும் காரபினர் வளையத்தில் ஸ்பிரிங்கை அழுத்திக்கொண்டே கழற்ற வேண்டும், கட்டைவிரல் மடங்காத கைக்கு அது கஷ்டம். அதிலேயே மரையைத் திருகிப் பூட்டும் ரகம் இருக்கிறது, அதை வாங்கினால் நிம்மதி. முட்டை எடுக்கும் பெட்டியின் மூடியை எல்லாரும் மறந்துவிடுவார்கள். அதற்கும் ஒன்று மாட்டுங்கள். கயிற்றால் மேலே இழுத்து இறக்கும் சின்னக் கதவு வைத்திருந்தால், அதன் அடியில் விரல் நுழைய இடமில்லாமல் ஒரு காடி வெட்டி அதில் இறங்கும்படி செய்யுங்கள்.

இதையெல்லாம் நான் போனில் விளக்க விளக்க அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. "ஏண்டி, நாலு கோழிக்கு இம்புட்டுச் செலவா? பஞ்சாரத்தைக் கவுத்து மேல அம்மிக்குழவியத் தூக்கி வையி." அம்மாவின் பஞ்சாரத்தில் கீரியும் நாயும் தோற்றுப் போனது உண்மை. ஆனால் மூங்கில் சந்தில் இந்தக் கை நுழையும்போது குழவி மேலே உட்கார்ந்து வேடிக்கைதான் பார்க்கும்.

மற்ற வைத்தியங்கள் பற்றி அதிகம் சொல்ல ஆசையில்லை. மினுக்கும் சிவப்பு விளக்கு, ரேடியோ, கொயோட்டி மூத்திரம் என்று பாட்டிலில் அடைத்து விற்பது எல்லாம் சில நாளைக்கு ஓடும். பிறகு ரக்கூனுக்குப் பழகிவிடும். கம்பி மின்வேலி உண்மையிலேயே வேலை செய்யும். மூக்கையும் ஈரக் கையையும் வைத்துத் தொடும் பிராணிக்கு ஒரு சுள்ளென்ற அடி நன்றாக ஞாபகம் இருக்கும். சின்னக் குழந்தைகள் ஓடியாடும் கொல்லை என்பதால் நான் போடவில்லை. எல்லாவற்றையும்விட முக்கியம் தீவனம். கோழிக்கு வைத்ததை இரவில் எடுத்து உள்ளே வையுங்கள். மூட்டையை மூடி உள்ள தகரத் தொட்டியில் போட்டு, மூடியை ரப்பர் பட்டையால் இறுக்குங்கள்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் இரும்பு ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தங்கமான மனிதர். அவருக்கு என் வலை வேலையெல்லாம் வேடிக்கை. "என்கிட்ட கூண்டுப் பொறி இருக்கும்மா. மார்ஷ்மெல்லோ வச்சா பூனை மாட்டாது, ரக்கூன் மட்டும்தான் மாட்டும். பிடிச்சு ஆத்துக்கு அந்தாண்ட விட்டுடலாம்" என்றார். நான் வேண்டாம் என்றேன். ரக்கூனிடம் இரக்கம் என்று அவர் நினைத்துக்கொண்டார். அதுவும் கொஞ்சம் உண்டு, ஏப்ரல் மே மாதத்தில் குட்டி போடும், தாயைப் பிடித்துக்கொண்டு போனால் எங்கோ ஒரு மரப்பொந்தில் மூன்று நான்கு குட்டிகள் பட்டினி கிடந்து சாகும். ஆனால் பெரிய காரணம் வேறு.

வெறிநோய். அமெரிக்காவின் தென்கிழக்கில் மட்டும் இருந்த ரக்கூன் வெறிநோய் 1970களின் கடைசியில் திடீரென்று வர்ஜீனியா, மேற்கு வர்ஜீனியா எல்லையில் தலைகாட்டியது. வேட்டைக்காகத் தென்கிழக்கிலிருந்து ரக்கூன்களைப் பிடித்து வண்டியில் ஏற்றி வடக்கே கொண்டுவந்து விட்டதன் பலன். பிறகு அது பென்சில்வேனியா, நியூயார்க், நியூ இங்கிலாந்து என்று கிழக்குக் கரை முழுக்கப் பரவிவிட்டது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விடுவது பல மாநிலங்களில் சட்டப்படி தடை செய்யப்பட்டிருப்பது இதனால்தான். எங்கள் அலெகெனி கவுண்டியில் ஒவ்வொரு ஆகஸ்டிலும் மீன் வாடை அடிக்கும் சின்னத் தடுப்பு மருந்துப் பொட்டலங்களைக் காரிலிருந்தும் ஹெலிகாப்டரிலிருந்தும் போடுவார்கள். ரக்கூன் அதைக் கடித்தால் தடுப்பு மருந்து வாய்க்குள் போய்விடும். மெயினிலிருந்து அலபாமா வரை நோய் மேற்கே தாண்டாமல் இருக்க விவசாயத் துறை போட்டிருக்கும் அரணில் நாங்களும் ஒரு துண்டு. அதுவும் போக, ஒரு ரக்கூனை அகற்றினால் அந்த இடம் காலியாகவா இருக்கப் போகிறது? சாப்பாடு இருக்கும் வரைக்கும் அடுத்தது வந்து உட்காரும்.

கோழிக்கு வெறிநோய் வராது, அது பாலூட்டிகளுக்கு மட்டும் வரும். பகலில் ரக்கூனைப் பார்த்தாலே வெறி என்று அலறவும் வேண்டாம், குட்டிக்காரி பகலிலும் இரை தேடுவாள். தள்ளாடி நடந்தால், ஆளைக் கண்டு ஒதுங்காமல் இருந்தால் அப்போதுதான் போன் செய்ய வேண்டும். நான் அதிகம் பயப்படுவது அதன் கழிப்பிடத்துக்கு. ரக்கூன்கள் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போகும். விறகு அடுக்கு, டெக்கின் மூலை, மரத்தடி. அதில் பேலிசாஸ்காரிஸ் என்ற உருளைப்புழுவின் முட்டை இருக்கலாம். மனிதர் வயிற்றுக்குள் போனால் மூளை வரைக்கும் போய்க் கெடுக்கக்கூடியது. அபூர்வம்தான், ஆனால் மண்ணில் விளையாடிக் கையை வாயில் வைக்கும் குழந்தை உள்ள வீட்டில் அபூர்வம் என்ற சொல் எனக்குப் போதாது. புது மலத்தில் உள்ள முட்டை தொற்றும் நிலைக்கு வர இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும், அதனால் பார்த்தவுடன் எடுத்துவிடுங்கள். கையுறை, முகக்கவசம் போட்டு அள்ளிவிட்டு, அந்த இடத்தில் கொதிக்கும் தண்ணீரை ஊற்றுங்கள். பிளீச்சுக்கு அந்த முட்டை சாகாது.

தேனிக்கார அண்ணன் இப்போது கூண்டை அடியோடு மாற்றிக் கட்டிவிட்டார். தானியங்கிக் கதவும் போட்டிருக்கிறார். டைமர் வைத்ததைவிட வெளிச்சத்தைப் பார்த்து மூடும் ரகம்தான் இங்கே சரி. டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே பொழுது சாய்கிறது, ஜூனில் ஒன்பதை ஒட்டித்தான் சூரியன் இறங்குகிறது. அவ்வப்போது ஒரு சோம்பேறி விடைக்கோழி வெளியே மாட்டிக்கொள்ளும் என்பதால் இருட்டியதும் ஒரு நடை போய் எண்ணிப் பார்க்கத்தான் வேண்டும். அவரும் கேமரா மாட்டியிருக்கிறார், குழுவில் வீடியோவாகப் போட்டுத் தள்ளுகிறார். ஜூலையில் ஒரு தாய் தன் குட்டிகளை வரிசையாகக் கூட்டி வந்து அவர் கொக்கியைத் தடவிக் காட்டிய வீடியோவுக்கு இதயமாகக் கொட்டியது. ஒருத்தர், "கூலிட்ஜ் ஜனாதிபதியே வெள்ளை மாளிகையில ஒண்ணு வளர்த்தார், நாம வளர்த்தா என்ன?" என்று எழுதினார். வளர்த்தார்தான். 1926-இல் மிசிசிப்பியிலிருந்து நன்றிநாள் விருந்துக்குச் சமைக்க அனுப்பி வைத்ததைச் சமைக்காமல் ரெபெக்கா என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். ஜப்பான்காரர்களும் 1977-இல் ஒரு ரக்கூன் கார்ட்டூன் தொடரைப் பார்த்துவிட்டு ஆசை ஆசையாக இறக்குமதி செய்தார்கள். வளர்ந்ததும் கடி தாங்காமல் காட்டில் விட்டார்கள். இன்றைக்கு அவை பழைய கோயில்களின் கூரைகளில் குடியிருந்து மரத்தைப் பாழாக்கிக்கொண்டிருக்கின்றன.

அடுத்து இன்னொருத்தர், தன் வீட்டுப் பின்வாசலில் ராத்திரி பூனைச் சாப்பாடு வைப்பதாகவும் தினமும் குடும்பத்தோடு ஒரு ரக்கூன் வந்து சாப்பிட்டுவிட்டுப் போவதாகவும் பெருமையாக எழுதினார். விலாசத்தை மேப்பில் போட்டுப் பார்த்தேன். அண்ணன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில். அவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறேன். பூனைக்குச் சாயங்காலமே வைத்துவிட்டுத் தட்டை உள்ளே எடுத்துவிடுவதாகச் சொன்னார்.